பச்சைச் சுடருக்கு எந்த உப்பு? பேரியமா, தாமிரமா, போரானா?

உப்புச்சீடன்
வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "வாணத்தின் நிறம் எங்கிருந்து வருகிறது" என்று ஒரு செயல்விளக்கம் வைக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் சிக்கலில்லை. பச்சைதான் இழுக்கிறது.

அலமாரியில் இருப்பவை: பேரியம் கார்பனேட்டு, பேரியம் சல்பேட்டு, மயில்துத்தம் (தாமிர சல்பேட்டு), போரிக் அமிலம், வெண்காரம் (போராக்ஸ்). புன்சன் அடுப்பும் நிக்ரோம் கம்பியும் உண்டு. பேரியம் சல்பேட்டைச் சுடரில் காட்டினால் கம்பி மட்டும் செக்கச்செவேலென்று நிற்கிறது, நிறமே இல்லை. கார்பனேட்டில் முதலில் பளீரென்று மஞ்சள், பிறகு ஏதோ வெளிறிய மஞ்சள்பச்சை. மயில்துத்தம் பச்சை தருகிறது, ஆனால் அடுத்த உப்பைத் தொட்டாலும் அதே பச்சை வருகிறது. வெண்காரம் முழு மஞ்சள்.

பேரியம் நைட்ரேட்டு வாங்கினால் சரியாகுமா, அல்லது வேறு உப்பா? எது நல்ல பச்சை?

நிறமாலை
நைட்ரேட்டு வேண்டாம். இந்த வேலைக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை. உயிர்வளி (ஆக்சிஜன்) தரும் உப்பு என்பதால் சேமிப்பில் தனிக் கவனம் கேட்கும். வாங்குவதென்றால் பேரியம் குளோரைடு. வாங்காமலே கையிலுள்ள கார்பனேட்டிலிருந்தும் செய்துகொள்ளலாம், அதைக் கீழே யாராவது சொல்வார்கள்.

காரணத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நான்கு சிக்கலும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கின்றன. பேரியம் என்ற உலோகம் பச்சை தருகிறது என்று பாடநூல் அட்டவணை சொல்வது பாதி உண்மை. தனி பேரியம் அணு பச்சையில் விடுவது 553.5 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கோடு. அது மஞ்சள் சாய்ந்த பச்சை. நமக்குப் பிடித்த சுத்தமான பச்சை, சுடருக்குள் உருவாகும் பேரியம் மோனோகுளோரைடு என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. ஒரு பேரியம், ஒரு குளோரின். குப்பியில் அடைத்து வைக்க முடியாது. வெப்பத்தில் மட்டும் கணநேரம் இருக்கும். அதன் பட்டைகள் சுமார் 514, 524, 532 நானோமீட்டரில் விழுகின்றன.

குளோரின் இல்லாவிட்டால் பேரியம் வேறு துணை தேடும். புன்சன் சுடரில் நீராவி ஏராளம், அதனால் பேரியம் ஹைட்ராக்சைடு மூலக்கூறு உண்டாகும். 487, 512 நானோமீட்டர் பக்கம் ஒளிரும், நீலப்பச்சை. பேரியம் ஆக்சைடோ மஞ்சள்பச்சையிலிருந்து சிவப்புவரை பட்டை பட்டையாகச் சிதறும். மொத்தத்தில் கண்ணுக்கு வெளிறிப்போன மஞ்சள்பச்சை. கார்பனேட்டில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

எனவே "எந்த உலோகம்" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "சுடருக்குள் எந்த மூலக்கூறு" என்றும் கேளுங்கள். தாமிரத்துக்கும் இதே கதைதான்.

பிப்பெட்
செய்முறை நான் தருகிறேன்.

கார்பனேட்டிலிருந்து குளோரைடுக் கரைசல்: 1 கிராம் பேரியம் கார்பனேட்டு, 8 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அதில் 6 மோலார் (லிட்டருக்கு 6 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி. சொட்டுச் சொட்டாக. நுரைக்கும், அவசரப்பட்டால் வழியும். கணக்குப்படி 1.7 மி.லி. போதும், மிச்சம் கரைசலைக் கொஞ்சம் அமிலமாகவே வைத்திருக்க. கடைசியில் கிடைப்பது 10 மி.லி., ஏறத்தாழ 0.5 மோலார்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று: "அடர் அமிலம் சீக்கிரம் கரைக்குமே" என்று கார்பனேட்டை நேரே அடர் அமிலத்தில் போடுவது. பேரியம் குளோரைடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கிட்டத்தட்டக் கரையாது. ஒவ்வொரு துகளின் மேலும் வெள்ளையாகக் குளோரைடு படிந்து மூடிக்கொள்ளும், நுரைப்பு நின்றுவிடும், உள்ளே கார்பனேட்டு அப்படியே கிடக்கும். எல்லாம் கரைந்து முடிந்ததாகத் தோன்றும், அல்லது சரக்கு கலப்படம் என்று தோன்றும். இரண்டும் இல்லை. நீர் சேர்த்தால் மறுபடி பொங்கத் தொடங்கும்.

6 மோலார் அமிலம் தயாரிக்க அடர் அமிலமும் நீரும் சம அளவு. நீரில் அமிலம், மறந்தும் மாற்றி ஊற்றக் கூடாது.

கடையில் வாங்கிய பேரியம் குளோரைடு டைஹைட்ரேட்டு (இரண்டு படிகநீர் கொண்டது) என்றால் 100 மி.லி.க்கு 12.2 கிராம் போட்டால் 0.5 மோலார். அறை வெப்பத்தில் இதைப்போல் மூன்று மடங்கு கரையும் என்பதால் படிகம் விழும் பயமில்லை.

கம்பி: அரை மி.மீ. தடிப்பு, 6 முதல் 8 செ.மீ. நீளம், நுனியில் 3 மி.மீ. வளையம். வளையம் பெரிதானால் சொட்டு தெறிக்கும். பிடி கண்ணாடிக் கோலில் உருக்கிப் பதித்தது, அல்லது மரத்தில் செருகியது.

கழுவுதல்: 6 மோலார் அமிலத்தில் முக்கு, சுடரில் சிவக்கக் காய்ச்சு, மறுபடி முக்கு. சுடரில் நிறமே தெரியாதவரை. உங்கள் முதல் பளீர் மஞ்சள் முழுக்கச் சோடியம்: விரல் வியர்வை, குழாய்த்தண்ணீர், கழுவாத வாட்ச் கிளாஸ் (உப்பு வைக்கும் கண்ணாடித் தட்டு), ஏதோ ஒன்று. சோடியத்தின் 589 நானோமீட்டர் இரட்டைக் கோடு மிகச் சிறு அளவிலேயே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கம்பியின் வளையத்தை விரலால் சரிசெய்யாதீர்கள், இடுக்கி எடுங்கள்.

சுடரில் எங்கே காட்டுவது: காற்றுத் துளை முழுக்கத் திறந்த நீலச் சுடர். உள்கூம்பின் நுனியில் நுழைக்க வேண்டாம். சுடரின் அடிப்பக்க வெளியோரத்தில் முதலில் வையுங்கள். சோடியம் போன்ற எளிதில் ஆவியாவன அங்கே போய்விடும். பிறகு மெல்ல மேலே, வெப்பமிகு ஓரத்துக்கு நகர்த்துங்கள். பேரியம் தாமதமாகத்தான் வரும். இரண்டு நொடி மஞ்சள், அப்புறம் பச்சை என்றால் அது இயல்பு. மஞ்சளைப் பார்த்ததும் கம்பியை எடுத்துவிட்டு "பேரியம் இல்லை" என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பச்சை மங்க ஆரம்பித்தால் உப்பைக் கூட்ட வேண்டாம். கம்பியை அமிலத்தில் ஒரு தொடு தொட்டுத் திரும்பக் காட்டுங்கள். குளோரின் திரும்பக் கிடைத்ததும் பச்சையும் திரும்பும். நிறமாலை சார் மேலே சொன்னதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. மஞ்சள்பச்சை, ஒரு சொட்டு அமிலம், உடனே ஆப்பிள் பச்சை. பிள்ளைகளுக்கு இதையே முதல் காட்சியாக வைக்கலாம்.

உப்புச்சீடன்
நன்றி சார். அப்படியென்றால் பேரியம் சல்பேட்டு ஏன் ஒன்றுமே தரவில்லை? அமிலத்தில் தொட்டும் பார்த்தேன்.

பிப்பெட்
அது நீரிலும் கரையாது, நீர்த்த அமிலத்திலும் கரையாது, புன்சன் வெப்பத்தில் ஆவியாகவும் செய்யாது. மூன்று கதவும் மூடியது. வாயுநிலைக்கு வராத பேரியம் ஒளிராது.

வழி ஒன்று உண்டு: கம்பியிலுள்ள சல்பேட்டைச் சுடரின் ஒடுக்கும் (உயிர்வளி குறைந்த) பகுதியில், அதாவது உள்கூம்பின் நுனியை ஒட்டி, சற்று நேரம் காய்ச்சினால் ஒரு பகுதி சல்பைடாகும். அதை அமிலத்தில் நனைத்தால் குளோரைடு. பிறகு வெளியோரத்தில் பச்சை வரும். பகுப்பாய்வுக்குப் பயன்படும், காட்சிக்கு அல்ல. அமிலம் படும்போது அழுகிய முட்டை வாடை லேசாக வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, காற்றோட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்புக்கம்பி
தாமிரத்தை யாரும் தொடவில்லையே, நான் வருகிறேன்.

மயில்துத்தத்துக்குப் பிறகு எல்லாமே பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் நிக்ரோம். தாமிரக் கரைசலில் முக்கினால் கம்பியின் மேல் கொஞ்சம் தாமிரம் படியும், காய்ச்சினால் ஊறியும் விடும். எத்தனை முறை அமிலத்தில் கழுவினாலும் மிச்சம் இருக்கும். தாமிரத்துக்குத் தனிக் கம்பி, அதில் அடையாள நூல். கெட்டுப்போன கம்பியின் நுனியை ஒரு செ.மீ. வெட்டிவிட்டுப் புது வளையம் போடுங்கள், கழுவி நேரம் போக்காதீர்கள்.

இன்னும் எளிது: உப்பே வேண்டாம். வெறும் தாமிரக் கம்பியைச் சுடரில் கறுக்கக் காய்ச்சி, ஆறவைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொட்டு, திரும்பச் சுடரில். முதலில் நீலம் கலந்த பச்சை, நடுவில் தெளிந்த நீலம்கூடத் தெரியும். அமிலம் தீர்ந்ததும் நீலம் போய் வெறும் பச்சை நிற்கும்.

இங்கே குளோரின் வேலை பேரியத்துக்கு நேர்மாறு. தாமிர மோனோகுளோரைடு ஒளிர்வது நீலத்தில், ஏறத்தாழ 420 முதல் 460 நானோமீட்டர். பச்சை தருவது தாமிர ஹைட்ராக்சைடு, 535 முதல் 555 வரை. ஆகவே பேரியத்தில் பச்சை வேண்டுமானால் குளோரைடு, தாமிரத்தில் பச்சை வேண்டுமானால் குளோரைடு இல்லாத உப்பு. மயில்துத்தம் உங்களுக்கு நல்ல பச்சை தந்ததும், தாமிரக் குளோரைடு நீலப்பச்சை தருவதும் இதனால்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்: மயில்துத்தம் 100 மி.லி.க்கு 12.5 கிராம், தாமிரக் குளோரைடு டைஹைட்ரேட்டு 8.5 கிராம், இரண்டுமே 0.5 மோலார். ஒரே உலோகம், ஒரே செறிவு, இரு நிறம்.

ஒரு கொசுறு. பெயில்ஸ்டைன் சோதனை என்று 1872-இலிருந்து இருப்பதும் இதே வேதியியல்தான். காய்ச்சிய தாமிரக் கம்பியில் கரிமச் சேர்மம் கொஞ்சம் எடுத்துச் சுடரில் காட்டினால் பச்சை வந்தால் குளோரின், புரோமின், அயோடின் இருக்கலாம். ஃபுளோரின் காட்டாது, தாமிர ஃபுளோரைடு ஆவியாவதில்லை. யூரியா போன்ற நைட்ரஜன் சேர்மங்கள் ஏமாற்றும். பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் துண்டு கொடுத்து இதைச் செய்யச் சொல்லாதீர்கள், புகை நல்லதல்ல.

நீலக்கண்ணாடி
செப்புக்கம்பி சொன்னதோடு ஒன்று. தாமிரம் மிகச் சூடான, உயிர்வளி மிகுந்த இடத்தில் ஆக்சைடாகி ஆரஞ்சுச் சிவப்பும் விடும், 605 முதல் 620 நானோமீட்டர் பக்கம். சுடரின் மேல்முனை சிவப்பாகத் தெரிந்தால் கால்சியம் கலந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

உப்புச்சீடன்
போரானுக்கு வருவோம். போரிக் அமிலத்தைக் கம்பியில் எடுத்துக் காட்டினால் சட்டென்று ஒரு பச்சை வந்து அடங்கிவிடுகிறது. கம்பியில் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. தட்டில் மெத்தனால் ஊற்றிப் போரிக் அமிலம் கலந்து கொளுத்தினால் பெரிய பச்சைச் சுடர் வரும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். வகுப்பில் அதைச் செய்யலாமா?

அடுப்பங்கரை வேதியியல்
செய்யாதீர்கள். இதில் நான் கறாராக இருப்பேன்.

தட்டில் மெத்தனால் என்பது "வானவில் சுடர்" என்ற பெயரில் உலகெங்கும் பள்ளிகளில் நடந்து, மாணவர்களைத் தீக்கு இரையாக்கிய செயல்விளக்கம். சுடர் தணிவதுபோல் தெரியும்போது ஆசிரியர் பெரிய புட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். மெத்தனால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டதாகத் தோன்றும். ஊற்றும் தாரையைப் பிடித்துத் தீ புட்டிக்குள் ஏறும், உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், புட்டி வாய் தீப்பீச்சியாகிவிடும். முன்வரிசைப் பிள்ளைகள் அதன் நேர்ப்பாதையில் இருப்பார்கள். அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2014 அக்டோபரில் இத்தகைய விபத்துகளைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பாதுகாப்புக் குழுவும் அதே ஆண்டு இந்தச் செயல்விளக்கத்தை நிறுத்தச் சொன்னது.

"கொஞ்சமாக ஊற்றினால் என்ன" என்று யாராவது வருவார்கள். சிக்கல் தட்டில் இருக்கும் அளவு இல்லை, பக்கத்தில் திறந்திருக்கும் புட்டி.

மாற்று: ஊறவைத்த மரக்குச்சி. தட்டையான மரக்குச்சியை 0.5 மோலார் கரைசலில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். போரிக் அமிலம் 100 மி.லி.க்கு 3.1 கிராம், வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும், ஆறினாலும் படியாது. ஊறிய நுனியை ஈரத்தோடு புன்சன் சுடரில் நீட்டினால் ஐந்தாறு நொடி நல்ல நிறம். குச்சி கருகத் தொடங்கியதும் எடுத்துத் தண்ணீர்க் குவளையில் போடுங்கள், கருகினால் புகைக்கரி ஒளிர்ந்து மஞ்சளாக்கிவிடும். பஞ்சுக்குச்சியானால் தண்டு மரமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் தண்டு உருகிச் சொட்டும். பஞ்சில் சோடியம் கூடுதல், அதனால் எனக்கு மரக்குச்சிதான் பிடிக்கும்.

இதற்கும் நைட்ரேட்டு உப்பு எடுக்காதீர்கள். நைட்ரேட்டு ஊறிய மரம் காய்ந்துவிட்டால் தீயை இழுத்துக்கொண்டு எரியும்.

பிப்பெட்
கம்பியில் போரிக் அமிலம் அடங்கிப்போவதற்குக் காரணம்: சுமார் 171 டிகிரி செல்சியஸில் நீரை இழக்கத் தொடங்கி, கடைசியில் போரிக் ஆக்சைடு கண்ணாடியாகிறது. அந்தக் கண்ணாடி புன்சன் வெப்பத்தில் மிக மெதுவாகத்தான் ஆவியாகும். நீராவியோடு கிளம்பிப் போகும் போரிக் அமிலம்தான் அந்த முதல் பச்சை. ஈரக்குச்சி நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். கம்பியில் ஒட்டிய கண்ணாடியைக் கொதிநீரில் கால் மணி நேரம் போட்டால் கரைந்துவிடும், சுரண்ட வேண்டாம்.

வெண்காரத்தைப் பச்சைக்கு நம்பாதீர்கள். அதிலேயே சோடியம் இருக்கிறது. மஞ்சள் தவிர எதுவும் தெரியாது.

பகுப்பாய்வு முறையில் போரேட்டு பார்க்க வேண்டுமென்றால் எத்தில் போரேட்டுச் சோதனை. அதற்குத் திறந்த தட்டு வேண்டாம், சோதனைக் குழாய் போதும்: போரிக் அமிலம் 0.1 கிராம், எத்தனால் 1 மி.லி., அடர் கந்தக அமிலம் 5 சொட்டு, எத்தனால் புட்டியை மூடி வேறு மேசைக்கு அனுப்பிய பிறகு மெல்லச் சூடாக்கிக் குழாய் வாயில் வரும் ஆவியைப் பற்றவைப்பது. சுடரின் ஓரம் பச்சை. கந்தக அமிலம் இல்லாமலும் போரிக் அமிலம் கொஞ்சம் எஸ்டராகும் (எத்தனாலோடு சேர்ந்து ஆவியாகும் சேர்மமாகும்), ஆனால் விளைந்த நீர் வினையைப் பின்னுக்கு இழுக்கும்; அமிலம் அந்த நீரை வாங்கிக்கொள்கிறது. ஆசிரியர் மட்டும், புகைப்பெட்டிக்குள், கண்ணாடிக் கவசத்தோடு.

திறந்த கிண்ணத்தில் செய்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. தாமிரமோ பேரியமோ கலந்திருந்தால் அவையும் சுடரைப் பச்சையாக்கிவிடும், போரான் என்று தவறாக எழுதுவோம். குழாயில் ஆவியை மட்டும் கொளுத்தினால் அந்தக் குழப்பம் இல்லை.

உப்புச்சீடன்
புரிந்தது, தட்டும் மெத்தனாலும் விலக்கு. மூன்று பச்சையையும் அடுத்தடுத்துக் காட்டினால் பிள்ளைகள் "எல்லாம் ஒரே பச்சைதானே சார்" என்பார்கள். வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது? கைப்பேசியில் படம் எடுத்தால் எல்லாமே வெள்ளையாக விழுகிறது.

நிறமாலை
கண்ணால் பிரிக்க முயலாதீர்கள், பிரிக்கவும் முடியாது. சிவப்பு பச்சை நிறக்குறை உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் இன்னும் கடினம். டிவிடி துண்டில் ஒரு நிறமாலைகாட்டி செய்யுங்கள்.

குறுவட்டில் தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது மி.மீ.க்கு 625 கோடு. டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர், மி.மீ.க்கு ஏறத்தாழ 1350. நேராக விழும் ஒளிக்கு 532 நானோமீட்டர் குறுவட்டில் 19.4 டிகிரியிலும், 589 நானோமீட்டர் 21.6 டிகிரியிலும் வளையும். இடைவெளி இரண்டே டிகிரி. டிவிடியில் அதே இரண்டும் 46 டிகிரி, 52.7 டிகிரி. பிரிப்பு மூன்று மடங்கு. அதனால் டிவிடி.

டிவிடியை இரண்டு தகடாகப் பிளந்து, உலோகப் படலம் இல்லாத தெளிந்த பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். படலம் ஒட்டியிருந்தால் ஒட்டுநாடாவால் உரித்துவிடலாம். நடுப்பகுதியை விட்டு வெளியோரத்தில் 2 செ.மீ. சதுரம் வெட்டுங்கள், அங்கே தடங்கள் நேர்க்கோட்டுக்கு நெருங்கியிருக்கும். கறுப்பு அட்டைப் பெட்டி, ஒரு முனையில் பிளவு, மறுமுனையில் தகடு. பிளவுக்கு இரண்டு சவர அலகு, இடையே 0.1 முதல் 0.2 மி.மீ.; தடங்களின் திசையும் பிளவின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். குறுக்காக வைத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான் அடிக்கடி நடப்பது. தகட்டிலிருந்து 46 டிகிரி சாய்ந்து கண்ணையோ கைப்பேசியையோ வையுங்கள்.

அளவு குறிக்க சுருள் வகைக் குழல்விளக்கு (சி.எஃப்.எல்.) போதும். பாதரசத்தின் 435.8 நீலம், 546.1 பச்சை, அதற்கு அப்பால் விளக்கின் உட்பூச்சான பாஸ்பரின் சிவப்பு 611 பக்கம். மூன்று புள்ளி வைத்து அளவுகோல் வரைந்துகொள்ளுங்கள்.

இப்போது சுடரைப் பாருங்கள். தாலியத்துக்குப் பச்சையில் ஒரே கோடு, 535. வில்லியம் குரூக்ஸ் 1861-இல் அந்தக் கோட்டைக் கண்டுதான் தனிமத்தையே கண்டுபிடித்தார். கடும் நஞ்சு, கிட்டவே கொண்டுவராதீர்கள், கதையாக மட்டும் சொல்லுங்கள். பேரியம் பச்சைக்குள் நெருக்கமாகப் பல பட்டை, 553.5-இல் ஒரு கூர்மையான கோடு, சுற்றிலும் மங்கலான ஆக்சைடுப் பட்டைகள். போரானுக்குச் சுமார் 493, 518, 548, 580 என்று நீலப்பச்சையிலிருந்து மஞ்சள்வரை ஏறத்தாழச் சம இடைவெளியில் அகன்ற பட்டைகள்; ஒருமுறை பார்த்தால் மறக்காது, ஏணிப்படி வைத்தாற்போல் இருக்கும். தாமிரத்துக்கு நீலத்திலும் பச்சையிலும் படர்ந்த மூட்டம். சோடியக் கோடு எல்லாவற்றிலும் இருக்கும். அதைத் தொல்லையாக எண்ணாமல் 589 என்ற இலவச அளவுகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலக்கண்ணாடி
கைப்பேசி: தானியங்கி ஒளியளவையும் தானியங்கி வெள்ளைச் சமநிலையையும் நிறுத்துங்கள். பின்னணி கறுப்பு என்பதால் கருவி ஒளியை அள்ளிக்கொள்கிறது, சுடர் மூன்று நிறத்திலும் நிரம்பி வெள்ளையாகிறது. உணர்திறன் 100, வெள்ளைச் சமநிலை 5000 கெல்வின் பக்கம் நிலையாக வைத்து, மூடுவேகத்தை 1/60-இல் தொடங்கிச் சுடரின் நடுப்பகுதி வெளுப்பது நிற்கும்வரை கூட்டிக்கொண்டே போங்கள். அறையை முழு இருட்டாக்க வேண்டாம். தீயும் அமிலமும் இருக்கும் மேசை.

கோபால்ட் நீலக்கண்ணாடி வைத்திருந்தால் சோடியம் மஞ்சளை அது விழுங்கிவிடும், பேரியம் நீலப்பச்சையாகத் தெரியும். ஆனால் ஒரு பொறி: கால்சியத்தின் செங்கல் சிவப்பு அதே கண்ணாடி வழியே இளம்பச்சையாகத் தெரியும். கண்ணாடி இல்லாமல் ஒருமுறை, கண்ணாடியோடு ஒருமுறை பார்க்காமல் "பச்சை, ஆகவே பேரியம்" என்று எழுதக் கூடாது.

வாணவெளி
இழை முழுக்க ஆய்வகமாகிவிட்டதே. தலைப்பின் தொடக்கம் வாணம் அல்லவா? வாணத்தில் பச்சைக்கு எந்த உப்பை எதனோடு எவ்வளவு சேர்ப்பார்கள் என்றும் யாராவது சொல்லலாமே.

நிறமாலை
விகிதத்துக்கு இந்த இழையில் இடமில்லை. உயிர்வளி தரும் உப்பையும் எரிபொருளையும் பொடியாகக் கலந்த நொடியில் அது சுடர்ச் சோதனை இல்லை, வாணமருந்து. உராய்விலும் நிலைமின்னிலும் கையிலேயே பற்றும். உரிமமும் தனிக் கட்டடமும் உள்ள தொழிற்கூடத்தின் வேலை.

வேதியியலை மட்டும் சொல்கிறேன், வகுப்புக்கும் அது போதும். வாணத்திலும் பச்சை தருவது அதே பேரியம் மோனோகுளோரைடுதான். தொல்லை என்னவென்றால் அந்த மூலக்கூறு மென்மையானது. வெப்பம் குறைந்தால் ஒளி போதாது. கூடினால் பிணைப்பு அறுந்துவிடும், ஆக்சைடுப் பட்டையும் வெண்ணொளிரும் உலோக ஆக்சைடுத் துகள்களும் சேர்ந்து பச்சை வெளிறி வெள்ளையாகும். பளிச்சென்ற ஒளியும் ஆழ்ந்த நிறமும் ஒன்றாகக் கிடைக்காமல் இழுபறி நடப்பது இதனால். குளோரின் போதாவிட்டாலும் வெளிறும், அதனால் பச்சை வாணங்களில் குளோரின் தரும் பொருள் ஒன்று தவறாமல் இருக்கும். சோடியம் அசுத்தம் புகுந்தால் மஞ்சள். ஆக புன்சன் அடுப்பில் நீங்கள் கண்ட மூன்று கோளாறும் அங்கேயும் அதே மூன்றுதான்.

தாமிரத்தைப் பச்சைக்கு அங்கே பெரிதாக நம்புவதில்லை. குளோரின் சேர்ந்த சுடரில் அது நீலத்துக்குப் போய்விடுகிறது. போரானின் பச்சை வெளிறியது, ஆனால் பேரியத்தின் நச்சைத் தவிர்க்கலாம் என்பதால் ஆய்வாளர்கள் விடாமல் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

அடுப்பங்கரை வேதியியல்
நச்சு என்றதும் சொல்லிவிடுகிறேன். கரையும் பேரியம் உப்பு எல்லாமே நஞ்சு. பொட்டாசியம் செல்களைவிட்டு வெளியேறும் வழியை அடைத்து, இரத்தத்தில் பொட்டாசியத்தை வீழ்த்திவிடும். தசை தளரும், இதயத் துடிப்பு குலையும். "கார்பனேட்டு நீரில் கரையாதே" என்று அலட்சியம் வேண்டாம், வயிற்று அமிலத்தில் கரையும். எலி மருந்தாகவே பயன்பட்ட பொருள். சல்பேட்டு மட்டும் விலக்கு, கரையாததால்தான் எக்ஸ்ரே எடுக்கும்முன் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

ஆகவே: கையுறை, கண்ணாடி, பேரியத்தைத் தெளிப்பான் வழியே சுடரில் விசிறக் கூடாது, பேரியக் குச்சியை மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் தாமாகச் செய்ய மயில்துத்தமும் போரிக் அமிலமும் போதும். அவையும் வாய்க்குப் போகக் கூடாதவை, ஆனால் பேரியம் அளவுக்குக் கொடியவை அல்ல.

உப்புச்சீடன்
மீந்த பேரியக் கரைசலை என்ன செய்வது? தொட்டியில் ஊற்றக் கூடாது என்று மட்டும் தெரியும்.

பிப்பெட்
சல்பேட்டாக்கிவிடுங்கள். 0.5 மோலார் கரைசல் 100 மி.லி. என்றால் நீரற்ற சோடியம் சல்பேட்டு கணக்குப்படி 7.1 கிராம், 10 கிராம் எடுத்து 100 மி.லி. நீரில் கரைத்துக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். சோடியம் சல்பேட்டு இல்லையென்றால் எப்சம் உப்பு 15 கிராம். உடனே பால்போல் வெள்ளை வீழ்படிவு. அப்போதே வடிகட்டினால் நுண்துகள் தாளைத் தாண்டிவிடும். கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே அரை மணி நேரம் சூடாக வைத்து ஆறவிடுங்கள், துகள் பருத்து அடியில் தங்கும். தெளிந்த மேல்நீரில் இன்னும் ஒரு சொட்டு சல்பேட்டுக் கரைசல் விட்டுப் பாருங்கள். கலங்கினால் பேரியம் மிச்சமிருக்கிறது, இன்னும் சேருங்கள். கலங்காவிட்டால் வடிகட்டி, திண்மத்தைப் பெயர் ஒட்டிய கலத்தில் வேதிக்கழிவாக ஒப்படையுங்கள்.

கம்பி கழுவிய அமிலத்திலும் பேரியம் இருக்கும், அதையும் இதே குவளையில் சேர்த்து வீழ்படிவாக்குங்கள். மரக்குச்சி ஊறிய தண்ணீரையும் சேர்த்துத்தான்.

உப்புச்சீடன்
சரி, இப்படி வைக்கிறேன். மாணவர் மேசையில் மயில்துத்தக் குச்சி, போரிக் அமிலக் குச்சி, ஒரு டிவிடி நிறமாலைகாட்டி. ஆசிரியர் மேசையில் தாமிரக் கம்பியும் அமிலமும், அடுத்துப் பேரியம் கார்பனேட்டு கம்பியில் முதலில் வெறுமனே, பிறகு அமிலத்தில் தொட்டு. அமிலத்துக்கு ஒரே குப்பி போதுமா?

செப்புக்கம்பி
போதாது. முதல் முக்கலிலேயே தாமிரம் குப்பிக்குள் போய்விடும், அடுத்து வரும் பேரியத்தின் பச்சையில் எது யாருடையது என்று தெரியாது. கழுவ ஒரு குப்பி, தாமிரத்துக்கு ஒன்று, பேரியத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 5 மி.லி.க்கு மேல் வேண்டாம், மூடியில் பெயர் எழுதுங்கள். வரிசையையும் மாற்றுங்கள்: பேரியம் முதலில், தாமிரம் கடைசியில்.

நீலக்கண்ணாடி
அடுப்பின் வாயில் சிந்திய உப்பும் அடுத்த சுடரைச் சாயமேற்றும். தாமிரம் முடிந்ததும் அடுப்பு ஆறியபின் குழாய் முனையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெறும் சுடர் மறுபடி நீலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கொடுங்கள்.